எதிர்வீட்டுக்குப் பத்தொன்பது கிலோமீட்டர்

ஆதிரை வீட்டுப் பால்கனியில் நின்று பார்த்தால், தங்கை நறுமுகை இன்றைக்கு என்ன துணி காயப்போட்டிருக்கிறாள் என்பது தெரியும். கண்ணாடி போட்டுக்கொண்டால் எந்தத் துண்டில் சாயம் போயிருக்கிறது என்பதுகூடத் தெரியும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு சாலை. அந்தச் சாலைக்குப் பன்னிரண்டு தடங்கள். இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்கு வண்டியில் போனால் பத்தொன்பது கிலோமீட்டர்.

வாங்கும்போது இப்படி இல்லை. ஒரகடத்துக்குத் தெற்கே அந்த நிலத்தில் அடுக்ககங்கள் எழும்பிய காலத்தில் சாலைக்கு நான்கு தடங்கள்தான். விளம்பரத் தாளில் குறுக்கே ஒரு நடைமேம்பாலம் வரைந்து, அதில் குடை பிடித்துக்கொண்டு ஒரு பெண் நடப்பது போலவும் போட்டிருந்தார்கள். "எதிரெதிரா வாங்கிட்டா ஒரே வீடு மாதிரிதான்டி" என்று சொல்லித் தங்கையை இழுத்துக்கொண்டு வந்தவள் ஆதிரை. மூன்றாவது வருடம் சாலை எட்டுத் தடமானது, ஆறாவது வருடம் பன்னிரண்டு. பாலத்துக்குத் தோண்டிய குழியை மூடி அதன்மேல் வண்டிகளுக்குச் சார்ஜ் ஏற்றும் நிலையம் கட்டினார்கள். பாலம் என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, இங்கே யார் நடக்கிறார்கள் என்று திருப்பிக் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நடக்க இடமில்லாத ஊரில் நடக்கிறவர்களை எங்கே போய்த் தேடிப் பிடித்துக் காட்டுவது?

நடப்பது குற்றம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். லிஃப்டில் இறங்கினால் அடித்தளம். அடித்தளத்தில் வண்டி கதவைத் திறந்துகொண்டு நிற்கும். ஏறி உட்கார்ந்தால் அதுவாகவே போகும், அடுத்த அடித்தளத்தில் இறக்கிவிடும். கடை, பள்ளிக்கூடம், கோயில், ஆஸ்பத்திரி எல்லாமே ஓர் அடித்தளத்திலிருந்து இன்னோர் அடித்தளம். அடுக்ககத்துக்கு உள்ளே வர ஒரு கேட், வெளியே போக ஒரு கேட், இரண்டும் வண்டியைக் கண்டால்தான் திறக்கும். ஆதிரை ஐந்து வருடத்துக்கு முன் வாங்கிய செருப்பின் அடியில் கம்பெனி முத்திரை இன்னும் அழியாமல் இருந்தது.

அன்று ஆயுத பூஜை. மறுநாள் காலை நறுமுகை ஓசூருக்குக் குடிபோகிறாள். அவள் கணவன் லோகித்துக்கு வேலை அங்கே மாறிவிட்டது, அவன் ஒரு வாரம் முன்பே போய்விட்டான். சாமான்களும் போய்விட்டன. அக்காவும் தங்கையும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசி ஆறு மாதம் ஆகியிருந்தது. கண்ணெதிரே இருக்கிறோமே என்ற தைரியத்தில் தள்ளித் தள்ளிப் போட்டது அது. அதனால் கடைசி நாளாவது, மதியம் நறுமுகை இங்கே வந்து, ராத்திரி அக்காவோடு படுத்து, காலையில் இங்கிருந்தே கிளம்புவதாக ஏற்பாடு. "உன் மடியில தலை வச்சுப் படுக்கணும்க்கா, அவ்ளோதான் எனக்கு வேணும்" என்று முந்தின நாள் போனில் சொன்னாள். முப்பத்தெட்டு வயதுப் பெண் கேட்கிற வரமா இது என்று ஆதிரை சிரித்தாள். அம்மா போனபோது நறுமுகைக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து மடி என்றால் அவளுக்கு அக்கா மடிதான்.

ஆதிரைக்கு அன்றைக்கு லீவு கிடையாது. ஊரே லீவு விடும் ஆயுத பூஜைதான் அவளுடைய ஆபீசுக்கு வருடத்தின் பெரிய நாள். அவள் வேலை பார்த்த இடத்துக்கு என்னவோ நீளமான பெயர் உண்டு, எல்லோரும் கண்ணாபீஸ் என்பார்கள். சாலையில் ஓடுகிற வண்டி, எதிரே கிடக்கும் ஒன்றை இன்னதென்று அடையாளம் தெரியாமல் சந்தேகப்பட்டால், அந்த இடத்தின் படத்தை ஒரு மனிதருக்காவது அனுப்ப வேண்டும் என்பது சட்டம். மனிதர் நான்கு வினாடிக்குள் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆதிரை வீட்டிலேயே ஓர் அறையை அதற்கு ஒதுக்கியிருந்தாள். ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடி, போனை வெளியே அலமாரியில் பூட்டிவிட்டு உட்கார வேண்டும் என்பது கம்பெனி விதி. திரைக்குக் கீழே நான்கு பொத்தான்கள். மனிதர், விலங்கு, பொருள், பூஜை.

நான்காவது பொத்தான் வந்ததற்கு ஒரு கதை உண்டு. ஆரம்பத்தில் இந்தப் படங்கள் ஏதோ வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஆயுத பூஜை அன்று நம் ஆட்கள் வண்டிக்குச் சுற்றிப் போட்டுக் குங்குமம் தடவிய பூசணிக்காயைச் சாலையில் ஓங்கி உடைத்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் பார்த்தார்கள். வெளுப்பாக ஒன்று பிளந்து கிடக்கிறது, உள்ளே சிவப்பு. ஐயோ பாவம் என்று முதல் பொத்தானை அழுத்தினார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓடும் இந்த வளையச் சாலை முழுக்க ஏழு மணி நேரம் அசையவில்லை. அதற்கு அடுத்த வருடம்தான் உள்ளூர்க் கண்களை வேலைக்கு எடுத்தார்கள். உள்ளூர்க் கண்களிலேயே ஆதிரையின் கண் தனி. ஆறு வருடத்தில் ஒரு பூசணிக்காயைக்கூட அவள் தவறவிட்டதில்லை. மூன்று முறை சிறந்த கண் விருது வாங்கி, அந்தக் கேடயங்களை வரவேற்பறையில் வரிசையாக வைத்திருந்தாள்.

மூன்றே முக்காலுக்குக் கால் மணி நேர இடைவேளை. போனை எடுத்ததும் நறுமுகையின் அழைப்பு வந்தது.

"அக்கா, வண்டி கிளம்பமாட்டேங்குது."

"என்னடி பண்ணுன?"

"ஒண்ணும் பண்ணல. கழுவி, மாலை போட்டு, நெத்தியில சந்தனம் குங்குமம் வச்சேன்."

ஆதிரை தலையில் கை வைத்துக்கொண்டாள். வண்டியின் நெற்றி என்று நாம் நினைக்கிற இடத்தில்தான் அதன் பெரிய கண் இருக்கிறது. வருடா வருடம் சொல்கிறார்கள், வருடா வருடம் ஊரில் பாதிப் பேர் அங்கேதான் பொட்டு வைக்கிறார்கள். நெற்றி என்று ஒன்று இருந்தால் கை அங்கேதானே போகும்?

"துடைச்சியா?"

"துடைச்சேன்க்கா. இடுக்குல பூந்துடுச்சாம். ஆளு வந்து சுத்தம் பண்ணி சரின்னு சொன்னாத்தான் நகருமாம். சர்வீசுக்குப் போட்டேன், பூஜை லீவாம், நாளன்னைக்கு வர்றாங்களாம்." அடுத்ததையும் அவளே சொன்னாள். "வாடகை வண்டியும் பாத்தேன். ராத்திரி பத்து மணிக்குத்தான் காலியா இருக்கு. காலையில அஞ்சு மணிக்கு ஓசூர் வண்டி வந்து நிக்கும்க்கா."

"இவரு ஆபீஸ் பூஜைக்கு வண்டிய எடுத்துட்டுப் போயிருக்காரு. வந்ததும் அங்க அனுப்பறேன்."

"பத்தொன்பது போக, பத்தொன்பது வர. இன்னைக்கு இருக்கற கூட்டத்துல எந்நேரமாகும்? வந்ததும் தூங்கத்தான் சரியா இருக்கும்." பிறகு மெல்ல, "அக்கா, நடந்து வந்துடட்டா?" என்றாள்.

ஆதிரை பால்கனிக்குப் போய்ப் பார்த்தாள். எதிர்ப்பக்கம் பதினோராவது மாடியில் நறுமுகை நின்றுகொண்டிருந்தாள். அக்கா எடுத்துக் கொடுத்த சாம்பல் பச்சைப் புடவை, கையில் ஒரு பை. இவளைப் பார்த்ததும் பையைத் தூக்கி ஆட்டினாள்.

"பொரி, கடலை, நாட்டுச்சக்கரை. எங்க சாமிக்கு வச்சது. உனக்குப் புடிக்குமே."

"கேட்டு எப்படித் திறப்ப?"

"யாராவது வண்டி வெளிய போறப்ப பின்னாடியே வந்துடறேன். அதெல்லாம் யோசிச்சு வச்சுட்டேன். ரோட்டுல இறங்குனா நிக்குமாக்கா? மனுஷங்களத் தெரியுமா அதுங்களுக்கு?"

இந்த இடத்தில் ஆதிரை வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், என் வேலை முடியும் ஐந்து மணி வரை இரு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கேட்டது அவள் தொழிலைப் பற்றி. பெரிய சமையல்காரரிடம் உப்பு சரியாக இருக்குமா என்று கேட்டது போல அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"தெரியுமாவா? நான்தானடி ஆறு வருஷமா அதுங்களுக்குச் சொல்லிக் குடுக்கறேன். நின்ன மனுஷன ஒரு வண்டி தொட்டதில்ல. ஓரத்துல நில்லு, கையத் தூக்கு, நிக்கும். ஒவ்வொரு தடமா வா. ஓடாத."

"சரிக்கா."

"நான் அஞ்சு மணிக்கு வெளிய வருவேன். நீ எங்க வெளிய போற கேட்டுகிட்ட நில்லு, மாமா வந்தா உள்ள கூட்டிட்டு வருவாரு. கொழுக்கட்டை இருக்கு."

நான்கு மணிக்கு அவள் போனைப் பூட்டிவிட்டுக் கறுப்பு அறைக்குள் போய் உட்கார்ந்தாள்.

படங்கள் மழை போலக் கொட்டின. ஆபீஸ் பூஜைகளை முடித்துக்கொண்டு ஊரே ஒரே நேரத்தில் பூசணிக்காய் உடைக்கும் வேளை அது. முழுப் படம் வராது. வண்டிக்குச் சந்தேகமாக இருக்கும் துண்டை மட்டும் வெட்டி அனுப்பும், ஒரு முழம் தரை, அதில் கிடப்பது. பூசணி, நான்கு. பூசணி, நான்கு. பாதி எலுமிச்சம்பழம், நான்கு. ஒரு நாய், இரண்டு. வாழைக்கன்று, நான்கு. கை தன் வேலையைப் பார்க்க, மனம் தன் வேலையைப் பார்த்தது. கொழுக்கட்டை ஆறியிருக்கும், சுட வைக்க வேண்டும். நறுமுகைக்குக் கட்டில் வேண்டாம், இரண்டு பேரும் கீழேயே பாய் விரித்துக்கொள்ளலாம். இந்நேரம் மூன்றாவது தடத்தில் இருப்பாளா? வண்டியெல்லாம் நின்று இவளுக்கு வழி விடுவதை நினைத்தால் அவளுக்குச் சிரிப்பாக வந்தது. மந்திரி மாதிரி வருவாள்.

ஒரு படம் வந்தது. சாம்பல் பச்சை, வெளுப்பு, நடுவே சிவப்பு. சுற்றிலும் பொரி இறைந்து கிடந்தது. பொரியோடு சேர்த்தா உடைப்பார்கள், என்ன அவசரமோ என்று நினைத்தபடி ஆதிரை நான்காவது பொத்தானை அழுத்தினாள். ஒரு வினாடிகூட ஆகவில்லை. அடுத்தது வாழையிலை.

ஐந்து மணிக்கு அவள் வெளியே வந்தபோது கணவன் தர்ஷன் சோபாவில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"வேணும்னா சொல்லுங்க, கொழுக்கட்டை சுட வைக்கறேன். நறு எங்க? கை கழுவுறாளா?"

"நறு எங்க வந்தா?"

"கேட்டுகிட்ட நின்னிருப்பாளே. நீங்க வர்றப்ப பாக்கலயா?"

"நான் நாலே காலுக்கே வந்துட்டேன். யாரும் இல்லையே. படம் ஓடிட்டிருந்துச்சு, நான் வெளிய எங்க பாத்தேன்." வண்டிகளின் கண்ணாடி எல்லாம் திரையாகிப் பல வருடம் ஆயிற்று. வெளியே பார்க்க வேண்டும் என்றால் தனியாகக் கேட்க வேண்டும். "நம்ம ரெண்டு கேட்டுக்கும் நடுவுல மட்டும் வண்டி லேசாத் தயங்குச்சு. என்னன்னு கேட்டேன், பூஜைப் பொருள்னு சொல்லிட்டுக் கிளம்பிடுச்சு. நம்ம ஆளுங்க கேட்டு வாசல்லயே உடைச்சு வைக்கறாங்க, ஒரு குலுக்கு குலுக்குச்சு பாரு."

ஆதிரை போனை எடுத்தாள். நான்கு மணி ஒன்பது நிமிடத்துக்கு நறுமுகையிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. கூடவே ஒரு படம், மூன்று தடங்களில் வரிசையாக நிற்கும் வண்டிகள். "எல்லாம் நிக்குதுக்கா. நீ சொன்ன மாதிரியே." அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஆதிரை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"பொரி" என்றாள் ஆதிரை.

"என்ன?"

அவள் லிஃப்டுக்கு ஓடினாள். தர்ஷன் பின்னாலேயே ஓடினான். அடித்தளத்தில் வண்டி கதவைத் திறந்துகொண்டு நின்றது. இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்தார்கள். கேட்டுக்கு நடந்தே போயிருக்கலாம், யாராவது வெளியே போகும்போது பின்னாலேயே போயிருக்கலாம். நறுமுகைக்குத் தோன்றிய அந்த யோசனை இவளுக்குத் தோன்றவே இல்லை. வெளியே போவது என்றால் வண்டியில் ஏறுவது, நாற்பத்தைந்து வயதுக் கால்களுக்கு இப்போது தெரிந்தது அவ்வளவுதான்.

"எங்கே போக வேண்டும்?" என்று வண்டி கேட்டது.

"கேட்டுக்கு வெளிய. இங்கயே. நம்ம கேட்டுக்கு வெளிய."

"நீங்கள் அந்த இடத்தில்தான் இருக்கிறீர்கள்" என்றது வண்டி.

தர்ஷன் எதிர் அடுக்ககத்தின் பெயரைச் சொன்னான். வண்டி கிளம்பியது. ஆதிரை கண்ணாடியைத் திறந்து காட்டச் சொன்னாள். திரை தெளிந்து வெளிச்சம் உள்ளே வந்தது. வெளியே போகும் கேட்டைத் தாண்டியதும் வண்டி வலப்பக்கம் ஒதுங்கியது. "இடது தடம் மூடப்பட்டுள்ளது" என்றது. ரோந்து வண்டி ஒன்று விளக்கைச் சுற்றவிட்டு நின்றிருந்தது. அதன் பக்கத்தில் தரையில் வெள்ளைத் துணி மூடிய ஒரு நீளம். அதற்கு இரண்டடி முன்னால் யாரோ உடைத்த பூசணிக்காய், அதில் சறுக்கிய செருப்பின் தடம் ஒன்று நீளமாக இழுத்திருந்தது. செருப்பு புதிது. பொரி காற்றில் நகர்ந்துகொண்டிருந்தது.

பதினோரு தடங்களை நறுமுகை தாண்டியிருக்கிறாள். பன்னிரண்டாவதில், அக்கா வீட்டு வாசலில், நின்ற வண்டிகளுக்கு முன்னால் சறுக்கி விழுந்து தலையில் அடிபட்டுக் கிடந்திருக்கிறாள். நிற்கிற மனுஷியைத்தான் வண்டிகளுக்குத் தெரியும்.

"நிறுத்து" என்று கத்தினாள் ஆதிரை.

"இங்கே நிறுத்த இடமில்லை."

"நிறுத்துடா."

"அடுத்த இறங்குமிடம் ஏழு கிலோமீட்டரில்" என்றது வண்டி, மரியாதை குறையாமல்.

அந்தப் பத்தொன்பது கிலோமீட்டரையும் அவர்கள் போனார்கள். எதிர் அடுக்ககத்தின் அடித்தளத்தில் திரும்பி, இன்னொரு பத்தொன்பது கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு தங்கள் கேட்டுக்கு வந்தபோது மணி ஆறே முக்கால். இடது தடம் திறந்திருந்தது. யாரோ தண்ணீர் அடித்துச் சுத்தமாகக் கழுவியிருந்தார்கள்.

போலீஸ்காரர் முதலில் கேட்ட கேள்வி, "அவங்ககிட்ட வண்டி இல்லையா?" என்பது. ஆஸ்பத்திரியிலும் அதையே கேட்டார்கள். துக்கத்துக்கு வந்த உறவினர்கள் ஒவ்வொருவராக அதையே கேட்டார்கள். லோகித் கேட்கவில்லை. அவன் மூன்றாம் நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டு நாள் பொறுத்திருந்தா சர்வீஸ் ஆள் வந்திருப்பான்" என்று மட்டும் சொன்னான். சாலை ஏன் அங்கே இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. மழை ஏன் பெய்கிறது என்று யாராவது கேட்பார்களா? தர்ஷன் அந்தக் குலுக்கலைப் பற்றி அதன்பிறகு வாயைத் திறக்கவில்லை. வண்டியில் ஏறினால் இரண்டு காலையும் இருக்கைமேல் தூக்கி வைத்துக்கொள்வான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, கண்ணாபீஸிலிருந்து ஃபஹ்மிதா வந்தாள். ஆதிரைக்கு மேலதிகாரி, வயதில் பன்னிரண்டு வருடம் இளையவள், நல்ல பெண். கேடயங்கள் இருந்த அலமாரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"நான்தான் அழுத்துனேன்" என்றாள் ஆதிரை. "பொரிகூடத் தெரிஞ்சுது. ஒரு வினாடி ஆகல. எம் பொண்ணு மாதிரி வளத்தவள நானே பூசணிக்காய்னு சொன்னேன். போலீசுல சொல்லப் போறேன். நீங்க ஆளனுப்பித் தடுத்தாலும் சொல்லுவேன்."

"சொல்லுங்க மேடம். ஆனா அத மனசுல வச்சுக்காதீங்க. உங்க பொத்தானால ஒண்ணும் ஆகல."

"ஒரே படம் மூணு பேருக்குப் போகும், அதுல ரெண்டு பேர் சொல்றதுதான் முடிவும்பீங்க. தெரியும். எல்லாரும் பூசணின்னுதான் சொல்லியிருப்பாங்க. அதுக்காக நான் சொன்னது இல்லேன்னு ஆயிடுமா?"

"அது இல்ல மேடம்." ஃபஹ்மிதா கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "இத நான் சொல்லக் கூடாது. படம் உங்களுக்கு வர்றப்ப வண்டி போய் முடிஞ்சிருக்கும்."

ஆதிரைக்குப் புரியவில்லை. "நாலு வினாடி நிக்குமே."

"முன்னாடி நின்னுச்சு. ரெண்டு வருஷமா நிக்கறதில்ல. பன்னெண்டு தடத்துலயும் ஒவ்வொண்ணும் நாலு நாலு வினாடி நின்னா ஊரு தாங்காதுன்னு எடுத்துட்டாங்க. இப்ப சும்மா ஒரு தயக்கம்தான், வண்டியே முடிவு பண்ணிடும். உங்களுக்கு வர்றது எல்லாம் முடிஞ்சு போனது. மனுஷங்க பாக்கணும்னு சட்டத்துல இருக்கு மேடம். எப்ப பாக்கணும்னு இல்ல."

அப்போது ஆதிரைக்கு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது போலிருந்தது உண்மை. பதினாறு நாளாக மூச்சு விட முடியாமல் இருந்தவளுக்கு ஒரு மூச்சு முழுதாக வந்தது. வந்ததற்காக அடுத்த கணமே தன்மீது அருவருப்பும் வந்தது. பிறகுதான் அந்தக் கேள்வி தோன்றியது.

"வண்டி எப்படி முடிவு பண்ணுச்சு? பூசணின்னு அதுக்கு யாரு சொன்னா?"

ஃபஹ்மிதா மடித்த கைக்குட்டையைப் பைக்குள் வைத்தாள்.

"சொல்லும்மா."

"பழைய பூஜைப் படங்கள வச்சுக் கத்துக்கிட்டதுதான் மேடம். நெறைய பேர் பாத்த படங்க இருந்துச்சு. ஆனா மத்தவங்க பதில்ல அங்கங்க தப்பு. உங்களுதுல மட்டும்தான் ஒரு தப்பு கூட இல்ல. அதனால உங்க பதில மட்டும் எடுத்துச் சொல்லிக் குடுத்தாங்க." ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ, மேலும் சொன்னாள். "வளையச் சாலையில ஓடுற எல்லா வண்டிக்கும் உங்க கண்ணுதான் மேடம்."

ஆதிரை அன்று போலீசுக்குப் போகவில்லை. போய் எதைச் சொல்வது?

ஒரு மாதம் கழித்து அவள் மறுபடி கறுப்பு அறைக்குள் போய் உட்கார்ந்தாள். எந்தப் படம் வந்தாலும் முதல் பொத்தானை அழுத்தினாள். உடைந்த வாளி, மனிதர். வாழைமட்டை, மனிதர். நாய், மனிதர். யாராவது கூப்பிட்டுத் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தாள், யாரும் கூப்பிடவில்லை. மூன்றாம் மாத முடிவில் திரையில் ஒரு வரி வந்தது. உங்கள் பதில்கள் இனிமேல் கற்பித்தலுக்கு எடுத்துக்கொள்ளப்படமாட்டா, நீங்கள் வழக்கம்போலப் பணியைத் தொடரலாம். அவள் தொடர்ந்தாள்.

நான்காம் மாதம் தர்ஷன் இரண்டாவது வண்டிக்குப் பதிவு செய்தான். "அன்னைக்கு நம்மகிட்ட இன்னொண்ணு இருந்திருந்தா" என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டான். அடுக்ககத்தில் அந்த நான்கு மாதத்தில் முப்பத்தொரு வீட்டில் இரண்டாவது வண்டி வந்துவிட்டது. எல்லோருக்கும் நறுமுகையின் கதை தெரிந்திருந்தது, எல்லோரும் அதிலிருந்து கற்றுக்கொண்டது இதைத்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை வண்டியை வெளியே போகும் கேட்டுக்கு உட்பக்கம் கொண்டுவந்து நிறுத்திய ஆள் நெற்றியில் பெரிய குங்குமம் வைத்திருந்தார், நல்ல சுறுசுறுப்பு. மாலை, எலுமிச்சம்பழம், கற்பூரம் எல்லாம் ஒரு கூடையில் அவரே கொண்டுவந்திருந்தார். புது வண்டியின் முன்பக்கத்தில், பெரிய கண்ணிலிருந்து ஒரு சாண் தள்ளி, சின்னதாக ஒரு வட்டம் அச்சிட்டிருந்தது.

"இது என்ன?" என்றாள் ஆதிரை.

"பொட்டு வைக்கற இடம் மேடம். இந்த வருஷம் எல்லா வண்டியிலயும் வந்துடுச்சு. யாரோ ஒரு லேடி கண்ணுல சந்தனம் பட்டு வண்டி கிளம்பாம, நடந்து போயி ஏதோ ஆயிடுச்சாம். அதுக்கப்புறம் கம்பெனியே போட்டுக் குடுத்துடுச்சு." வட்டத்துக்குள் கச்சிதமாகச் சந்தனத்தைத் தொட்டு வைத்தார்.

நான்கு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார். வண்டி தானாகவே ஓரடி முன்னால் போய் நசுக்கிவிட்டு நின்றது. பிறகு கூடையிலிருந்து பூசணிக்காயை எடுத்தார். சாம்பல் பூத்த பச்சை. மேலே ஒரு துண்டு வெட்டி உள்ளே குங்குமம் கொட்டியிருந்தது.

"இது வேணாங்க" என்றாள் ஆதிரை. "எங்க வீட்ல துக்கம். இந்த வருஷம் நாங்க எதுவும் செய்யறதில்ல."

"தெரியும் மேடம், சார் சொன்னாரு. இது வீட்டுக்கு இல்ல, வண்டிக்கு. டெலிவரியிலயே சேர்த்தி, உடைக்காமப் போனா எனக்குத் திட்டு விழும்."

தர்ஷன் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஆள் வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்தார். வண்டியைக் கண்டு கேட் திறந்திருந்தது. ஆதிரை எட்டி அவர் கையைப் பிடிப்பதற்குள் அவர் பூசணிக்காயைத் தலைக்குமேல் தூக்கி, இடது தடத்தில் ஓங்கி அடித்தார். அது இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி கவிழ்ந்தும் ஒரு பாதி மல்லாந்தும் கிடந்தது. சிவப்பு நாலாபக்கமும் தெறித்தது.

ஆதிரை அதையே பார்த்தாள். நான்கு வினாடிக்கு மேலேயே பார்த்தாள். பூசணிக்காய்தான்.

அந்தத் தடத்தில் ஒரு வண்டி வந்தது. பூசணிக்காய்க்கு முன்னால் ஒரு கணம் தயங்கிவிட்டு அதன்மேல் ஏறிப் போனது. அதற்குப் பின்னால் வந்த வண்டி தயங்கவில்லை.